பூட்டிய சூதாட்ட விடுதிகள்

சட்டசபையில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறாவிடில் என்ன நேரும் என்று வகுப்பில் மாணவர்கள் என்னைப் பலமுறை வினவியதுண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில வரலாறு இதற்குத் தக்க விடையளிக்கிறது.

அம்மாநில அரசியலமைப்பின்படி, சட்டத்தின் ஒப்புதலின்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாகாது. ஆண்டுக் கணக்கு ஜூன் 30-ஆம் நாள் முடிகிறது. 2006-இல் ஆளுநர் ஜான் கார்சைன் விற்பனை வரியை நூற்றுக்கு 6-லிருந்து 7 ஆக உயர்த்த விரும்பினார். அவருடைய கட்சியைச் சார்ந்த சபாநாயகர் ஜோசப் ராபர்ட்ஸே அதனை எதிர்த்தார். கெடு கடந்தது. ஜூலை 1-ஆம் நாள் அரசு அலுவல்களை நிறுத்துமாறு ஆளுநர் ஆணையிட்டார். லாட்டரி நின்றது, பல்லாயிரம் ஊழியர் வீட்டிலிருந்தனர்.

அட்லாண்டிக் சிட்டியின் 12 சூதாட்ட விடுதிகளோ தனியாருடையவை. அவை ஏன் மூட வேண்டும்? அரசாங்கக் கண்காணிப்பாளர் உடனிராமல் அங்கே ஆட்டம் நடத்தலாகாது என்பது அன்றைய சட்டம். அவர்களுக்கு ஊதியம் வழங்க ஒப்புதல் இல்லை. ஆகவே ஜூலை 5-ஆம் நாள் காலை விடுதிகளும் மூடப்பட்டன. அங்கே பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோர், தமக்குத் தொடர்பில்லாத பூசலால் கூலியிழந்தனர்.

பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. வரி உயர்ந்தது, கூடுதல் வருவாயில் பாதி, சொத்து வரிச் சுமையைக் குறைக்க ஒதுக்கப்பட்டது. ஜூலை 8-ஆம் நாள் விடுதிகள் திறந்தன.

அதன்பின் சட்டம் திருத்தப்பட்டது. 2017 ஜூலையில் மீண்டும் அரசு முடங்கியபோது சூதாட்ட விடுதிகள் திறந்திருந்தன. மாநிலப் பூங்காக்கள் மூடிக் கிடந்தன. வருவாய் தரும் இடத்துக்குக் கிடைத்த காப்பு, குழந்தைகள் விளையாடும் இடத்துக்குக் கிடைக்கவில்லை. மாணவர்களே, நாளை வாக்களிக்கப்போகும் நீங்கள் இதனைச் சிந்திப்பீர்களாக.