கீழாநெல்லியும் ஹெபடைடிஸ்–பி ஆய்வுகளும்: சென்னைச் சோதனை முதல் காக்ரேன் மதிப்பாய்வு வரை

மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் தேடப்படுவது கீழாநெல்லி. இலைகளின் கீழ்ப்புறம் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும் அந்தச் செடியைப் பிடுங்கிக் கழுவி, விழுதாக அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் தெளிந்துவிடும். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதைக் குணமானவரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஹெபடைடிஸ்–ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் மருந்தில்லாமலே தணியக்கூடியது. ஹெபடைடிஸ்–பி அப்படியல்ல. ஆறு மாதத்துக்கு மேல் உடலில் தங்கிவிட்டால் அது தானாக நீங்குவது அரிது; பலருக்குக் கல்லீரல் சுருக்கத்திலும் சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். கீழாநெல்லியை உரசிப் பார்க்க ஏற்ற நோய் இதுவே.

அதற்கான அளவுகோல் 1960களில் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அமெரிக்க அறிஞர் பரூச் பிளம்பர்க் கண்டறிந்த ஆன்டிஜென், பின்னர் ஹெபடைடிஸ்–பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று நிறுவப்பட்டது. 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இரத்தத்தில் அந்தப் புரதம் இருக்கிறதா, மறைந்ததா என்று பார்க்க முடிந்த பிறகுதான் எந்த மருந்தின் வலிமையையும் கேள்விக்கு உட்படுத்த முடிந்தது.

1982இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறு சோதனைக்குழாயில் இந்த ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக அறிவித்தனர். 1987இல் பிலடெல்பியாவில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் ஆகியோர் கீழாநெல்லிச் சாறு வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதைக் காட்டினர்.

இரு குழுக்களும் கைகோத்த ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வைரஸைச் சுமந்திருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி அடைத்த மாத்திரை நாளுக்கு மூன்று வேளையாக 30 நாட்கள் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களில் சோதித்தபோது, மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் காணப்படவில்லை. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அது மறைந்திருந்தது. 59 விழுக்காடு என்பது அன்றைக்கு எந்த மருந்தும் எட்டாத உயரம். அதனாலேயே கூர்ந்து பார்த்திருக்க வேண்டிய எண்ணும்கூட. பிரிவுகள் சிறியவை, அளவில் ஒவ்வாதவை. ஆய்வாளர்களே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறித்திருந்தனர். அந்தச் சொல் செய்திகளில் காணாமல் போனது.

பிற நாடுகளில் இந்த முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. 1990இல் வெளியான தாய்லாந்து ஆய்விலும், அதன்பின் நியூசிலாந்தில் நடந்த ஆய்விலும் பலன் தென்படவில்லை. மண், பருவம், பறிக்கும் காலம் வேறுபடுவதால் செடியின் வீரியமும் வேறுபடலாம் என்று விளக்கம் கூறப்பட்டது. புறக்கணிக்கக்கூடிய விளக்கமல்ல இது. கீழாநெல்லி சேர்ந்த ஃபில்லாந்தஸ் பேரினத்தில் ஒத்த தோற்றமுடைய செடிகள் பல. நம் ஊர் வகை அமாரஸ் என்பது தெளிவாகும் வரை, பழைய ஆய்வுகள் அதை நிரூரி என்றே எழுதிவந்தன. 1995இல் சீன ஆய்வாளர்கள் வெவ்வேறு இடங்களில் கிடைத்த மூன்று வகைகளை நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது பலன்கள் வேறுபட்டன. ஆயினும் ஒரே தரத்தில் தயாரித்த மருந்தைப் பெருந்தொகையான நோயாளிகளுக்குக் கொடுத்து நிறுவும் வரை இது விளக்கமாக மட்டுமே நிற்கும், சான்றாகாது. அந்த உழைப்பை நம் நாடு முன்னெடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2011இல் ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு, பலனுக்கு நம்பகமான சான்று இல்லை என்றே முடித்தது.

1988இன் சென்னை ஆய்வைத் தோல்வி என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. வீட்டு மருந்தை அது போலி மாத்திரைக்கு எதிரே நிறுத்தி அளந்தது. அளந்ததால்தான் பிறரால் மறுக்கவும் முடிந்தது. இன்றைய டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்குகின்றன. ஆனால் மேலுறை ஆன்டிஜெனை மறையச் செய்வது அரிது. புதிய மருந்துகளின் சோதனைகள் எட்ட முயலும் இலக்கு அந்த மறைவுதான். 1988இல் இரண்டு, மூன்று வாரங்களில் பார்த்ததை இப்போது சிகிச்சை நின்று 24 வாரங்கள் கழித்துப் பார்க்கிறார்கள். அப்போதும் ஆன்டிஜென் திரும்பாமல் இருந்தால்தான் குணம் என்று பதிவு செய்கிறார்கள்.