சிறு வரியும் பெருந் தீர்ப்பும்

அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கை, அவற்றின் குடிமக்களுக்கும் உரிமை தருமா? இவ்வினாவை எழுப்பியது ஒரு சாதாரணச் சுங்க வரி.

1960ஆம் ஆண்டில் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று மேற்கு ஜெர்மனியிலிருந்து ரசாயனச் சரக்கை வரவழைத்தது. சரக்கின் வகைப்பாடு மாறியதால் 3 சதவீத வரி 8 சதவீதமாயிற்று. 1957ஆம் ஆண்டு ரோமாபுரி உடன்படிக்கையோ, உறுப்பு நாடுகள் தமக்கிடையே வரியை உயர்த்தலாகாது என விதித்திருந்தது. நிறுவனம் வழக்காடவே, நெதர்லாந்து வரி மன்றம் லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தை நாடியது.

அங்கு அமர்ந்திருந்தோருள் டோனரும் டிரபுக்கியும் சட்டப் பேராசிரியர்கள். லெகூர் பிரான்ஸின் முன்னாள் நீதி அமைச்சர். நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசாங்கங்களும் எதிர்வாதம் செய்தன. இவ்விதியைத் தனியார் நேரே கையாள இயலாதென்றே அட்வகேட் ஜெனரல் ரோமரும் கருதினார்.

ஆயினும், 1963 பிப்ரவரி 5ஆம் நாள் தீர்ப்பு வேறாக அமைந்தது. இவ்வுடன்படிக்கை சர்வதேசச் சட்டத்தில் ஒரு புதிய ஒழுங்கு. அதனால் குடிமக்களுக்கும் உரிமை உண்டு. உள்நாட்டு நீதிமன்றங்கள் அவ்வுரிமையைக் காக்க வேண்டும் என்றனர் நீதிபதிகள்.

அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரியதாயிருந்த உடன்படிக்கையை, எளிய வணிகனும் தன் அரசுக்கு எதிராகவே எடுத்துக்காட்ட அன்று வழி பிறந்தது.