ஒரே பொதுத்தேர்தலைக் கண்ட மலையகக் கட்சி

லிந்துலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். என் அப்பாயி 1947ஆம் ஆண்டு ஒரே ஒரு முறை வாக்களித்தவர். அடுத்த பொதுத்தேர்தலில் வாக்காளர் இடாப்பில் அவரது பெயர் இருக்கவில்லை.

அவர் வாக்களித்த கட்சி இலங்கை இந்தியன் காங்கிரஸ். 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்திருந்தபோது, பிரிந்து நின்ற இந்திய வம்சாவளி அமைப்புகள் இணைந்து அதை உருவாக்கின. மறு ஆண்டே அதன் தொழிற்சங்கம் தோட்டங்களில் காலூன்றியது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், கொட்டகலையில் கே.குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே.இராஜலிங்கம் ஆகியோர் வென்றனர். எங்களுக்கு அருகிலுள்ள தலவாக்கலையில் வென்றவர், மடக்கும்பர தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட மக்களின் வாக்குகள் துணைநின்றன.

அந்தப் பலமே வினையாயிற்று. டி.எஸ்.சேனநாயக்க அரசாங்கம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கு பிறந்தவர்களும் தகப்பன் வழியினரின் இலங்கைப் பிறப்பை நிரூபிக்க வேண்டியதாயிற்று. பதிவுகள் இல்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவது? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்றானது. இந்த அநீதியை எதிர்த்த எஸ்.ஜே.வி.செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, அதே ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. 1952இல் சுமார் 140 நாட்கள் சத்தியாக்கிரகம் நடந்தது. பறிக்கப்பட்ட வாக்கு திரும்பவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவு செய்யப்பட 1977 வரை, அதாவது 30 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் காணாமலே அப்பாயி கண்மூடினார்.

ஆகவே, அந்தக் கட்சியை மக்கள் தோற்கடிக்கவில்லை. கட்சியிடமிருந்து மக்களையே சட்டம் அகற்றியது.

1977 வன்செயலின்போது எங்கள் சித்தப்பா குடும்பம் கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்தது. இறுதிப் போரில் அவர்கள் ஆவணங்கள் அனைத்தையும் இழந்தார்கள். போர் முடிந்த பின்னர், பிறப்புச் சான்றிதழுக்காக லிந்துலைக்கு வந்த தம்பி, "நான் இங்கதான் பிறந்தேன்னு நானே எப்படி அண்ணே நிரூபிக்கிறது?" என்று கேட்டான். 1948இல் அப்பாயியிடம் அரசு கேட்டதும் அந்தக் கடதாசியைத்தான்.