அணங்கும் இரும்பும்

மழைக்காலத்தில் பெரார்கஞ்சில் மின்சாரம் நின்றுவிட்டால் மாலைப்பொழுது மிக நீளும். அத்தகைய மாலையொன்றில், கைபேசியில் போக்கிமான் ஆடிக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, நம்ம ஊர்ப் பேய் எந்த வகை?" என்று வினவினான். கோப்புகளை வகை பிரிப்பதே தொழிலாகிவிட்ட எனக்கு அவ்வினா பிடித்துப்போயிற்று.

1996-இல் சப்பானில் வெளிவந்தது அவ்விளையாட்டு. அதனைப் படைத்த சதோசி தாஜிரி, இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தவர். (நம் ஊருக்குத் தம் பெயரைத் தந்த தலைமை ஆணையர் ஃபெராரும் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தவரே!) அதில் வரும் விந்தை உயிர்கள் நெருப்பு, நீர், புல் எனப் பல வகைப்படும். ஒரு வகை மற்றொன்றை வெல்லும், பிறிதொன்றுக்குத் தோற்கும். 2013-இல் 'ஃபேரி' என்னும் வகை புதிதாகச் சேர்ந்தது. டிராகனின் தாக்குதல் அதனைத் தீண்டாது. ஆயின் எஃகின் முன் அது தளரும்.

ஏன் எஃகு? அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறங்களில், ஃபேரிகள் பச்சிளங் குழந்தையைக் கவர்ந்து சென்று மாற்றுக் குழந்தையை வைத்துவிடும் என அஞ்சினர். அதனைத் தடுக்கத் தொட்டிலின்மேல் இரும்பு இடுக்கியையோ கத்தரிக்கோலையோ வைத்தனர். விளையாட்டின் விதி அப்பழைய நம்பிக்கையோடு அப்படியே பொருந்துகிறது. சிறகு முளைத்த சின்னஞ்சிறு அழகி என்பதெல்லாம் பிற்கால ஓவியர் கைவண்ணம்; பழைய ஃபேரி அஞ்சத்தக்கது.

நம்மவர் அறிந்த அணங்கும் அத்தகையதே. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் மலைச்சோலையில் ஆடிப் பாடுகின்றனர். அழகும் அச்சமும் அவர்களிடம் பிரிவதில்லை. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார், புண்பட்ட தலைவனைக் காக்க மனையில் இரவமும் வேம்பும் செருகி, ஐயவி என்னும் வெண்கடுகைத் தூவுவதைக் காட்டுகிறார். இவன் பிறந்தபோது என் அன்னையார் தலைமாட்டில் வைத்தவை வேப்பிலைக் கொத்தும் பழைய அரிவாளும். ஐரிஷ் கிழவியும் எங்கள் சீமைக் கிழவியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தொட்டிலருகே இருவர் கையும் இரும்பையே தேடின.

"பிடித்து அடைப்பது விளையாட்டில்தான்; நம் மரபில் விலக்குவதோடு சரி" என்றேன். உடனே என் தவறு எனக்கே புலப்பட்டது. பேய் பிடித்தவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துப் பேயை அங்கேயே கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டன்றோ? அங்கும் இரும்புதான்.

இத்தீவின் மூத்த குடிகளிடமும் இத்தகைய வகைப்பாடு இருந்தது. காட்டு ஆவி 'எரெம் சௌகலா', கடல் ஆவி 'ஜூருவின்' என இரண்டையும் 19-ஆம் நூற்றாண்டில் எட்வர்டு ஹொரேஸ் மேன் குறித்துவைத்தார். தீ, அம்பு, தேன்மெழுகு, செந்நிறப் பூச்சு ஆகியவை ஆவிகளை அணுகவிடா என்பதை ராட்கிளிஃப் பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில் காணலாம். இன்று அவற்றை நாம் நூலில்தான் காண்கிறோம். பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியை அறிந்த கடைசி மூதாட்டி போவா 2010-இல் மறைந்தார். அவருடன் மறைந்த பெயர்கள் எத்தனையோ!

மகன் குறிப்பேட்டில் மூன்று கட்டம் வரைந்தான்: பெயர், உறைவிடம், அஞ்சும் பொருள். நான் சொன்னவற்றை எழுதியபின் மோகினிக்கு வந்தோம். மூன்றாம் கட்டத்திற்கு என்னிடம் விடையில்லை. மறுநாள் சிவகங்கைக்குத் தொலைபேசியில் அழைத்து, "அப்பத்தா, மோகினி எதுக்குப் பயப்படும்?" என்று கேட்டான். அரைமணி நேரம் அவன் பேனா நிற்கவில்லை.