நாணலும் நம்ம ஊர்க் கரும்பும்

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனபோது, பேரனை அழைத்துக்கொண்டு கொள்ளிடம் பாலம் வரை போய் வந்தேன். கரையெல்லாம் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. "தாத்தா, இது கரும்பு மாதிரியே இருக்கே" என்றான். "மாதிரி இல்லடா, கரும்புக்கு ரத்த சம்பந்தம்" என்றேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடி ஒரு கழி உருவாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. ஆனால் அந்தக் காலத்துத் தடித்த கரும்புக்கு இனிப்பு உண்டு, தெம்பு கிடையாது. வறட்சியும் நோயும் தாங்காது. வடக்கே விளைந்ததோ மெலிந்த கரும்பு. ஜாவா சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர் துரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் யாரும் நினைக்காத ஒரு சம்பந்தம் பேசினார்கள். 'வெள்ளை' என்ற தடித்த கரும்புக்கும் ஆற்றங்கரை நாணலுக்கும் கல்யாணம்! பிறந்த பிள்ளைதான் கோ 205. 1918-ல் அது பஞ்சாப் விவசாயிகள் கைக்குப் போனது. இனிப்பு தாய் கொடுத்தது, தெம்பு நாணல் கொடுத்தது.

இது எப்படி நடந்தது என்பது செல்லுக்குள் பார்த்தபோதுதான் விளங்கியது. வேர் நுனியை நசுக்கிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவார்கள். மனிதனுக்கு 46. தடித்த கரும்புக்கு 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. வழக்கப்படி தாயும் தகப்பனும் பாதிப் பாதிதான் கொடுக்க வேண்டும். கரும்புத் தாயோ தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறாள். நாணல் மட்டும் பாதியாக 32 தருகிறது. ஆக, கோ 205-க்கு 112. இந்த விசித்திரத்தை 1920-களில் ஜாவாவில் பிரேமர் என்ற டச்சுக்காரர் கண்டறிந்தார்.

1934-ல் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்தவர், சென்னையில் படித்து, 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். பல இடத்து நாணல்களின் குரோமோசோம்களை எண்ணினார். ஒரு பக்கத்து நாணல் போல இன்னொரு பக்கத்து நாணல் இல்லை. 40-லிருந்து 128 வரை வித்தியாசம் உண்டு என்று இன்று தெரிகிறது. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே புல்!

1977-ல் பத்மஸ்ரீ பெற்ற அந்த அம்மாள், கடைசிவரை சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆராய்ச்சி செய்துகொண்டே 1984-ல் காலமானார்.

இனி நம்ம ஊர்க் கதை. 'கோசி 671' என்ற ரகத்தில் 'கோ' கோயம்புத்தூர், 'சி' கடலூர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ரகம் ஒன்றுக்கும் கோ 775-க்கும் பிறந்தது. சீக்கிரம் முதிரும், சர்க்கரைச் சத்து அதிகம். மகாராஷ்டிரம், குஜராத் வரை கடலூர்ப் பெயரைக் கொண்டுபோனது. எங்கள் அப்பாவும் "அறுநூத்தி எழுபத்தொண்ணு"தான் போட்டார்.

ஒரு வருஷம் சோகை மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. ஃபீல்டுமேன் வந்து ஒரு கழியைப் பிளந்து காட்டினார். உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த கள் வாடை. செவ்வழுகல். "பிடுங்கிக் கொளுத்திடுங்க ஐயா, வேற வழியில்ல" என்றார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அக்கா கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். அதனால் ஒரு ரகம் முழுவதும் ஒரே செடியின் நகல். ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்த்துவிடும். அப்போதெல்லாம் புது ரகம் தேடுகிறவர்கள் திரும்பிப் போவது நாணல் மாதிரியான காட்டு உறவுகளிடம்தான்.

பாலத்திலிருந்து திரும்பும்போது, கரையோரம் ஒரு பொக்லைன் நாணல் புதர்களை வேரோடு வழித்துக்கொண்டிருந்தது. "வெறும் புல்லுதானே தாத்தா" என்று காலையில் சொல்லியிருப்பான். அன்று சாயங்காலம் சொல்லவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.