டீக்கடை முதலாளிக்கு இஎஸ்ஐ ஏன் இல்லை?

சில மாதம் முன்னாடி ஓபியில் ஒரு டீக்கடைக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். ரெண்டு நாளா நெஞ்சு பிடிக்குது, கடையை மூட முடியாம இழுத்துக்கிட்டே இருந்திருக்கார். ஈசிஜியில் மாற்றம் தெரிந்தது. திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

ஏறும்போது கேட்டார். "எங்கிட்ட மாஸ்டரா இருந்த தம்பி இப்ப வேடசந்தூர் பக்கம் மில்லுல இருக்கான். அவனுக்கு இஎஸ்ஐ கார்டு இருக்கு. நான் முதலாளி, எனக்கு ஏன் சார் இல்ல?"

அப்போது பதில் சொல்ல நேரம் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பழைய கதை.

1883. ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. இதன் சூட்சுமம் ஒன்றுதான்: சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுவது. யாரையும் தேடிப் போய் வசூல் பண்ண வேண்டியதில்லை.

அதே சூட்சுமம் இங்கேயும் வந்தது. 1943-ல் அதார்கர் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் பொறுப்பு கொடுத்தார்கள், அடுத்த வருடமே அறிக்கை தந்தார். 1948-ல் சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் முதலில் 1955-ல் கோவைக்கு வந்தது. மில் ஊர், ஆச்சரியம் இல்லை.

இன்றைக்கு அந்த மில் தம்பிக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் 0.75 சதவீதம் அவரிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் நிர்வாகம் போடும். குடும்பத்துக்கே சிகிச்சை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது: உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு 70 சதவீத ஊதியம், வருடத்துக்கு 91 நாள் வரை.

டீக்கடைக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கல்லாதான் அவர் பர்ஸ். எதில் பிடிப்பது? தன் பங்கைப் போட நிர்வாகம் எங்கே? அதனால் சட்டத்தின் கண்ணில் அவர் படவே இல்லை.

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிங்கப்பூர் 1984-ல் மெடிசேவ் என்று ஒரு கணக்கு தொடங்கியது. மருத்துவச் செலவுக்கு மட்டுமே எடுக்கக்கூடிய சேமிப்பு. 1992-ல் சுயதொழில் செய்பவர்களையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். இப்போது வருடத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தால் கட்டியாக வேண்டும். பாக்கி வைத்தால் டாக்ஸி உரிமம் புதுப்பிப்பதே சிக்கல்.

அமெரிக்காவில் 1996-ல் இதே போல ஒரு கணக்கு, சுயதொழில்காரர்களுக்கும் 50 பேருக்குள் வேலை பார்க்கும் சின்ன நிறுவனங்களுக்கும் மட்டும். 2004 முதல் அதையே விரிவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கணக்குகள் மேல் முழு நம்பிக்கை இல்லை. நீங்கள் போட்டதுதான் உங்களுக்கு. காய்ச்சலுக்கும் குடலிறக்கத்துக்கும் தாங்கும், புற்றுநோய்க்குத் தாங்காது. சிங்கப்பூரே அதை உணர்ந்து 1990-ல் மெடிஷீல்டு என்ற காப்பீட்டைப் பக்கத்தில் நிறுத்தியது. நூறு பேர் போட்டு ஒருத்தருக்குச் செலவு செய்வதுதான் பெரிய வியாதிக்கு வழி.

நம்ம ஊரிலும் அந்த வழியை யோசித்தவர் உண்டு. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, சென்னையில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1958-ல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் தொடங்கினார். குடும்பம் அதன் வருமானத்துக்கு ஏற்ப வருடச் சந்தா கட்டும், பதிலுக்கு வைத்தியம். முதலாளியா தொழிலாளியா என்ற கேள்வியே இல்லை. பிற்பாடு 2003-ல் கர்நாடகத்தின் யஷஸ்வினி, கூட்டுறவுச் சங்க விவசாயிகளிடம் மாதம் ஐந்து ரூபாய் கணக்கில் வாங்கி அறுவை சிகிச்சை செய்தது. அங்கே சம்பளச் சீட்டின் இடத்தில் சங்கம் இருந்தது. ரெண்டுமே நாடு முழுக்கச் சட்டமாகவில்லை. எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

1986-ல் மெடிகிளெய்ம் வந்தது, கூடவே 80டி வரிச்சலுகையும். வரி கட்டுபவருக்குத்தானே சலுகை? டீக்கடைக்கு அது எதற்கு!

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். வருட வருமானம் 72,000-க்குள் உள்ளவர்களோடு நல வாரிய உறுப்பினர்களையும் சேர்த்தது முக்கியமான காரியம். ஆட்டோ ஓட்டுநரும் தையல்காரரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். 2012-ல் முதலமைச்சரின் விரிவான திட்டம், 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைப்பு, இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருமான வரம்பு 1,20,000.

வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 330 ரூபாய்கூட வரவில்லை. சுமாராக ஓடும் டீக்கடையே அதைத் தாண்டிவிடும். (வருமானச் சான்றில் என்ன எழுதுகிறார்கள் என்ற கதைக்குள் நான் போகவில்லை.) தாண்டியவர் தன் கைக்காசில் பாலிசி எடுக்க வேண்டும். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல்தான் எடுத்தார்கள். 70 வயது தாண்டிய பெற்றோர் வீட்டில் இருந்தால் 2024 அக்டோபர் முதல் மத்தியத் திட்டத்தில் வருமானம் பார்ப்பதில்லை. ஆதாரோடு போய்ப் பதிந்துவிடுங்கள்.

நம்மவர் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள், கைக்காசு செலவில்லை. ஆனால் கடை 19 நாள் மூடியிருந்தது. வாடகை, பால்காரர் பாக்கி, மகளின் காலேஜ் பீஸ் எதுவும் 19 நாள் காத்திருக்கவில்லை. வீட்டம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின.

போன வாரம் மாத்திரை வாங்க வந்தார். பிபி நார்மல். சங்கிலியை மீட்டுவிட்டாராம். தோடு இன்னும் கடையில்தான் இருக்கு சார், என்றார்.