அஃறிணைக்கு முகம்

வளர்த்த நாயைக் காசு கொடுத்துப் படம் வரையச் சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களிலும், திருச்சுழி போகிற வழியிலுள்ள கிராமங்களிலும் கடந்த சில வருஷங்களில் இப்படிப்பட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன். பென்சிலில் ஒரு ராஜபாளையம், கறுப்பு மையில் ஒரு சிப்பிப்பாறை, கலர் பென்சிலில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. எல்லாம் கண்ணாடி போட்டு, இறந்துபோன பெரியவர்களின் போட்டோக்களுக்குப் பக்கத்தில் மாட்டியவை. இவற்றைப் பற்றி நம் வட்டத்தில் பேச்செடுத்தால் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வருகிறது. கூலிக்கு வரைந்தது, சாயல் பிடித்தது, அதிலும் நாய். இதில் கலையென்று பேச என்ன இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம். அதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் இலக்கணம். மாடும் நாயும் தமிழில் அஃறிணை. 'அது' என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நன்னூல் இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மகிழ்ச்சியாலோ கோபத்தாலோ, உயர்த்தியோ தாழ்த்தியோ பேசும்போது திணை மாறினால் குற்றமில்லை என்கிறார் பவணந்தி. தன் பசு வருவதைக் கண்டு 'அம்மா வந்தாள்' என்கிறவனை உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் திணை வழுவமைதி என்று மனப்பாடம் செய்து, பரீட்சைக்குப் பின் மறந்துபோன விஷயம் இது. பசு என்ற இனத்தைப் பார்த்து யாரும் அம்மா என்பதில்லை. சாயங்காலம் தன் வாசலுக்குத் திரும்பி வரும் அந்த ஒரு பசுவுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. வளர்ப்பு மிருகத்தின் உருவப்படம் செய்தாக வேண்டிய காரியமும் இதுவே. நாய் என்று தெரிந்தால் போதாது, 'இவன்' என்று தெரியவேண்டும். இந்த அளவுகோலோடு பழைய உதாரணங்களைப் பார்க்கலாம்.

நம்மிடம் உள்ள பழைய சாட்சியங்கள் கல்லில் இருக்கின்றன. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சேவலுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. எழுத்தமைதியை வைத்து ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். இரண்டிலும் சேவலின் உருவம் இருக்கிறது. எந்தச் சேரியின் சேவல் என்ற விவரமும் இருக்கிறது. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. செங்கம் பகுதியில் எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தன் எருமைகளைக் காக்கப்போய் விழுந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவலிருந்தது என்று அதற்கென்றே தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள்.

கோவிவனுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. சிற்பி செதுக்கியது பொதுவான ஒரு நாயை. எழுத்தை அழித்துவிட்டால் எந்த ஊர் நாயும் அந்த இடத்தில் நிற்கலாம். கல் எடுத்தவர்களுக்கு இது ஒரு குறையாகப் பட்டிருக்காது. அவர்கள் நினைவில் வைக்க விரும்பியது அதன் செயலை. அதற்குப் பெயர் போதும்.

முகத்தைப் பிடிக்கும் வித்தை மொகலாய அரண்மனையில் வளர்ந்தது. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து சில அபூர்வப் பிராணிகளைக் கொண்டுவந்தபோது, பாபர் மிருகங்களைப் பற்றி எழுதினாரே தவிர வரையச் சொல்லவில்லை என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதிய ஜஹாங்கீர், அவற்றை வரையும்படி ஓவியர்களுக்கு உத்தரவிட்டார். மன்ஸூர் வரைந்த வான்கோழி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. தொங்கு சதையின் சுருக்கம், இறகின் அடுக்கு எதுவும் தப்பவில்லை. ஆனால் அந்த வான்கோழிக்குப் பெயர் கிடையாது. அது ஒரு அதிசயம், அவ்வளவுதான். இதே ஜஹாங்கீர், லாகூருக்கு அருகில் ஷேக்குபுராவில், மன்ஸராஜ் என்ற தன் வளர்ப்பு மான் செத்தபோது அதற்கு ஒரு ஸ்தூபி எழுப்பி, மான் வடிவத்தில் கல்லறைக் கல்லும் வைக்கச் செய்தார். ஹிரன் மினார் என்று இன்றும் நிற்கிறது அந்த ஸ்தூபி. தூரதேசத்துப் பறவைக்கு நிறமும் நுணுக்கமும், கூடவே வாழ்ந்த மானுக்குப் பெயரும் கல்லும். இரண்டு ஆசையும் ஒரே மனிதனிடம் இருந்தன. ஆனால் தனித்தனியே இருந்தன.

கும்பெனிக் காலத்தில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையாகிறது. கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, வீட்டுத் தோட்டத்தில் பறவைகளையும் மிருகங்களையும் வளர்த்தார். அவற்றை வரைய 1777இலிருந்து பாட்னா ஓவியர்கள் மூன்று பேரை அமர்த்திக்கொண்டார்: ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ். 300க்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. அவை அந்த வீட்டில் தீனி தின்ற பிராணிகள். ஆனால் படத்தின் ஓரத்தில் எழுதப்பட்டது இனத்தின் பெயரும் ஓவியனின் பெயரும். எடுத்தனூரில் நாயின் பெயர் தெரிகிறது, சிற்பியின் பெயர் தெரியவில்லை. கல்கத்தாவில் அது தலைகீழாகிவிட்டது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜியும் (1798–1832) ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் மிருகங்களையும் வரைவித்தார். அந்தப் படங்களில் ஒரு தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அங்கேயும் நோக்கம் இயற்கை விஞ்ஞானம்தான். இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டும். எது நன்றாக நிற்கிறதோ அதை வரைந்தால் சரி.

இங்கிலாந்தில் கதை வேறு. ஏறக்குறைய 1762இல் ராக்கிங்ஹாம் பிரபு கேட்டு ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த விஸில்ஜாக்கெட் குதிரைக்குப் பெயரும் உண்டு, முகமும் உண்டு. பின்னால் மரமோ மனிதனோ கிடையாது. வெறும் பரப்பில் ஒரு குதிரை. அதுவும் காசுக்கு வரைந்ததுதான். இன்று லண்டன் நேஷனல் காலரியில் அதன் முன் நிற்கிறவர்கள் யாரும், கூலிப்படம் என்று சிரிப்பதில்லை.

எங்கள் வறண்ட காட்டில் பணம் கொடுத்து மிருக உருவம் செய்யச் சொல்வது புதிதல்ல. அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வேளாரிடம் மண் குதிரையும் மாடும் சொல்லிவைப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பது. சீக்கான மாடு பிழைத்தால் மண்ணில் ஒரு மாடு. ஆனால் வேளாரிடம் போய், என் மாட்டுக்கு இடது கொம்பு சற்று வளைந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மண்மாட்டுக்குப் பெயரும் வேண்டாம், முகமும் வேண்டாம். வேண்டுதல் நிறைவேறியது என்பதற்கு அது சாட்சி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கருவேலங் காட்டு ஓரத்தில் மழையில் கரைந்து நிற்கும் அந்தக் குதிரைகளுக்கு முன் நம்முடைய எத்தனையோ நவீன சிற்பங்கள் சோடையாகத் தெரியும். ஆனால் அவை உருவப்படம் அல்ல.

மாட்டின் முகத்தைக் கேட்பது நான் வேலை பார்க்கும் வங்கி. கறவை மாட்டுக் கடன் ஃபைல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நிறம், கொம்பின் அமைப்பு, வால் குஞ்சம், வயது, எத்தனையாவது ஈத்து. காது வில்லையில் 12 இலக்க எண். மாடும் கடன் வாங்கியவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ. மாடு செத்தால் இன்ஷூரன்ஸுக்கு அந்த வில்லை வேண்டும். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. ஒரு மாட்டைக் காட்டி இன்னொன்றுக்குப் பணம் வாங்கிவிடக் கூடாது என்ற சந்தேகத்தில் எழுதப்பட்ட சித்திரம் இது. இத்தனை உன்னிப்பாகப் பார்த்த பிறகும், அந்தப் பாரத்தில் மாட்டின் பெயருக்கு ஒரு கட்டம் கிடையாது. லட்சுமியாகவோ சிவப்பியாகவோ வீட்டில் இருப்பவள், எங்களிடம் எண்ணாக வந்து சேர்கிறாள்.

பெயரையும் முகத்தையும் ஒன்றாக வைத்த ஒருவர் இந்த மண்ணிலிருந்து போனவர். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்து, 1896இல் திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்த ரமணர். அவர் பிராணிகளை 'அது' என்று சொன்னதே இல்லை, அவன் அவள் என்றே சொல்வார் என்று ஆர்தர் ஆஸ்பர்ன் 1954இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1926இல் ஆசிரமத்துக்குக் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு, 1948 ஜூன் 18இல் இறந்தது. ஆசிரம வளாகத்திலேயே அடக்கம் செய்து, மேலே அதன் உருவத்தை வைத்தார்கள். ரமணர் அதற்கென்று ஒரு வெண்பா எழுதினார். பக்தர்கள் இதற்குச் சொல்லும் தத்துவ விளக்கத்துக்குள் நான் போகவில்லை. விமர்சகனாக எனக்கு முக்கியமாகப் படுவது, இலக்கணம் விதிவிலக்காக அனுமதித்ததை ஒரு மனிதர் அன்றாடப் பேச்சாக்கிக்கொண்டார் என்பது. கோவிவனின் கல் இருக்கும் அதே மாவட்டத்தில், சுமார் 1,300 வருஷங்கள் கழித்து, பெயரும் உருவமும் பாட்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

இந்த வரிசையில் வைத்துத்தான் அருப்புக்கோட்டைப் பென்சில் படங்களை நான் பார்க்கிறேன். பென்சிலின் கறுப்புக் குச்சியே ஒருவகையில் சுட்ட மண். கிராஃபைட் தூளோடு களிமண்ணைப் பிசைந்து சூளையில் சுடும் முறையை 1795இல் பிரான்சில் கோன்ட்டே கண்டுபிடித்தார். களிமண் கூடினால் கோடு வெளிறும், கிராஃபைட் கூடினால் கறுக்கும். இதை வைத்துக்கொண்டு பால் வெள்ளையான ராஜபாளையத்தை எப்படி வரைவது? வெள்ளைக்குப் பென்சில் கிடையாது. நாயை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள நிழலை வரையவேண்டும். நாய் வெறும் காகிதமாகவே நிற்கும். மூக்கின் ரோஜா நிறத்துக்கு மட்டும் கலர் பென்சில், அதுவும் மெல்லிசாக, அடுக்கடுக்காக. மெழுகு ஏறிவிட்டால் அதன்மேல் எதுவும் பிடிக்காது. சிப்பிப்பாறைக்கு மை பொருந்துகிறது. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கோட்டுக்கென்றே அமைந்தவை. கருநாயைப் பென்சிலில் வரைந்தால் கிராஃபைட்டின் மினுமினுப்பு வெளிச்சத்தில் ஈயம் பூசியதுபோல் தெரியும். அங்கேயும் மைதான் கைகொடுக்கும். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே கோடும் போகவேண்டும். மாறினால் தோலின் கீழுள்ள எலும்பு பொய்யாகிவிடும்.

வரைகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செல்போன் போட்டோ. கிட்டத்தில் எடுத்ததில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடியிருக்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் பச்சையாக எரியும். நாய் செத்தபின் வந்து கேட்பவர்களும் உண்டு. அப்போது வேறு போட்டோ எடுக்க வழியில்லை. அப்படியே நகல் செய்கிறவன் அந்தப் பெருத்த மூக்கையும் சேர்த்து வரைந்துவிடுகிறான். தெரிந்தவன் வீட்டுக்காரரிடம் கேட்கிறான்: காது எப்படி நிற்கும், கூப்பிட்டால் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பான்? நன்னூல் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் இந்தக் கேள்வியும் வருகிறது. இந்தப் படங்களில் மோசமானவை அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முடியை முடியாக எண்ணி வரைந்தவை, கண்ணில் கண்ணாடி மணி பதித்தவை, மூலையில் ரோஜாப்பூ வைத்தவை. அவை மோசமாக இருப்பதற்குக் காரணம் யாரோ காசு கொடுத்தது அல்ல. வரைந்தவன் பார்க்கவில்லை என்பதுதான்.

நம் சிறுபத்திரிகை மரபு கோட்டோவியத்துக்கு மரியாதை செய்த மரபு. 1969இல் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். ஆனால் கலைஞன் தனக்காக வரைவதே கலை, கேட்டவருக்காக வரைவது கைத்தொழில் என்று அந்த மரியாதையின் கூடவே ஒரு ஜாதிப் பிரிவினையும் செய்துகொண்டோம். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர்கள் பாத்திக் துணி விற்றுத்தான் தங்கள் ஓவிய வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லும்போதும், துணியையும் ஓவியத்தையும் வேறுவேறு அறையில் வைத்தே சொன்னோம். கேட்டு வாங்குகிறவன் கலைஞனின் சுதந்திரத்தைக் கெடுக்கிறான் என்பது நம் நம்பிக்கை. மேலே சொன்ன உதாரணங்களில் நான் காண்பது வேறு. வாங்குகிறவர் என்ன கேட்டார் என்பதே படத்தைத் தீர்மானித்திருக்கிறது. இனத்தைக் கேட்டவருக்கு இனம் கிடைத்தது. வங்கிக்கு அடையாளம் கிடைத்தது. இவன் எனக்கு வேண்டும் என்று கேட்கிறவர் வந்தபோதுதான் முகமும் பெயரும் சேர்ந்தன.

அந்த வீட்டுக்காரர் கறாரான வாசகரும்கூட. திருச்சுழிப் பக்கம் ஒரு விவசாயி, முடிந்த படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி, இவன் இவ்வளவு சாதுவாப் பாக்க மாட்டானே" என்று திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்தேன். வரைந்த பையன் வாதாடவில்லை. ரப்பரை எடுத்து, மேல் இமையை ஒரு நூல் அளவு கீழே இறக்கினான். பெரியவர் மறுபடி பார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்தார். நம் பக்கங்களில் வரும் கவிதையையோ விமர்சனத்தையோ, இமை ஒரு நூல் தவறியிருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.